கடைசி வண்டி

விடியக்காலை நாலு மணி, கிரீன் சர்க்கிள்.
பதினோரு வண்டி.
முனிரத்தினம் ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டு
மஞ்சள் சட்டையை என்னிடம் நீட்டினான்.
இந்த வருஷமும் நான்தான் கடைசி.

கடைசி வண்டிக்கு விதிகள் குறைவு.
யாரையும் முந்தக் கூடாது.
நின்றுபோனவரை விட்டுப் போகக் கூடாது.
பெட்டியில் பஞ்சர் கிட், செயின் லிங்க், கிளட்ச் வயர்,
ரெண்டு லிட்டர் பெட்ரோல், உப்புச் சர்க்கரைப் பொட்டலம்.
வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதை
யாரும் சொல்லவில்லை, நானே கண்டுகொண்டது.

மூன்று முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருக்கிறேன்.
கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால்
இடது கன்னம் கரித்தது, அந்தப் பக்கம் என்பேன்.
எனக்குக் கிடைத்ததெல்லாம்
முன்னால் போகும் சிவப்பு விளக்குகள்.
பத்து.
பத்து.
ஒன்பது என்றால் நெஞ்சு ஒரு கியர் இறங்கும்.
வளைவு முடிந்தால் மறுபடி பத்து.

ஆற்காடு தாண்டி இருட்டில் ஆற்றைக் கடந்தோம்.
பாலத்தின் சத்தம் மாறியதால் தெரிந்தது ஆறு என்று.
காவேரிப்பாக்கத்தில் டீ, செங்கல்பட்டில் இட்லி.
கல்பாக்கத்துக்கு அப்பால் சாலை
இஸ்திரி போட்டதுபோல் நீண்டது.
பையன்கள் த்ராட்டிலைத் திருகினார்கள்.
என் பன்னிரண்டு வருஷப் பல்சர் இருமியது.

ஒன்பது.
வளைவே இல்லாத இடத்தில் ஒன்பது.

ஒரு பெரிய பாலத்தின் தலைமாட்டில்
ரெஹானா வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.
பின் டயரில் ஆணி.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் அவள்,
ரப்பரை விரலால் தடவியே ஓட்டையைச் சொல்லிவிட்டாள்.
கிட்டை வாங்கிக்கொண்டாள். என்னைத் தொடவிடவில்லை.
"இருபது நிமிஷம் ஆகும்ணா.
அதுவரைக்கும் நீங்க எதையாவது பாருங்க."

பார்த்தேன்.
பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: பாலாறு.

நான் காட்பாடியில் தண்ணி லாரி ஓட்டுகிறவன்.
ஒரு லோடு பன்னிரண்டாயிரம் லிட்டர்.
இதே ஆற்றின் கரையில், போர் போட்டு
எண்ணூறு அடி ஆழத்திலிருந்து உறிஞ்சி
சத்துவாச்சாரி மாடிகளுக்கு ஏற்றுகிறேன்.
எங்கள் ஊரில் இதில் கிரிக்கெட் ஆடுவார்கள்.
சிக்ஸர் அடித்தால் முள்ளுக்குள் தேட வேண்டும்.

இங்கே இது தண்ணீராக இருந்தது.
இக்கரையிலிருந்து அக்கரைவரை
கூச்சமே இல்லாமல் தண்ணீர்.
சரிவில் இறங்கி முழங்கால்வரை நின்றேன்.
உள்ளங்கையில் அள்ளிக் குடித்துத் துப்பினேன்.
கடல்தான் உள்ளே வந்து படுத்திருக்கிறது,
ஆள் இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி.

வலை உதறிக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"எந்த ஊரு?"
"வேலூர்."
"அட, மேலேயிருந்து வர்றீங்களா.
அங்க ஆத்துல தண்ணி ஓடுதா?"

ஓடுது என்றேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
விருந்தாளியாகப் போன இடத்தில்
வீட்டுச் சண்டையை யார் சொல்வார்கள்.
அவர் தலையாட்டிவிட்டு நண்டைப் பிய்த்தெடுத்தார்.

மேலே ஏறி வந்தபோது
ரெஹானா டயரில் எச்சில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
குமிழி வரவில்லை.
பலகையை அப்போதுதான் படித்தாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"எங்க தோலு கழுவுன தண்ணியும்
இங்கதானே வந்து சேரணும்" என்றாள்.
"அவ்வளவு தூரம் வராது" என்றேன்.
ஆறுதலா அது? எனக்கே விளங்கவில்லை.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

மற்றவர்கள் மரக்காணத்தில் காத்திருந்தார்கள்,
ஆளுக்கொரு கடல் போட்டோவோடு.

மறுநாள் ராத்திரி திரும்பும்போது
அதே ஆற்காட்டுப் பாலம்.
சத்தம் மாறியதும் தலையைத் திருப்பினேன்.
மணல். ஒரு மாட்டுவண்டித் தடம். மணல்.
ஜீன்ஸில் முழங்காலுக்குக் கீழே
உப்பு காய்ந்து மொரமொரத்தது.
முன்னால் பார்த்தபோது
எத்தனை விளக்கு என்று பிடிபடவில்லை.

கிரீன் சர்க்கிளில் முனிரத்தினம் கேட்டான்:
"எல்லாரும் வந்தாச்சா?"
விரல் விட்டு எண்ணினேன், இரண்டு முறை.
வண்டிகள் சரியாக இருந்தன.

திங்கள் காலை ஐந்துக்கு லாரி.
குழாயைப் போரில் இறக்கினேன்.
பேன்ட் துவைக்கக் கொடுக்கவில்லை இன்னும்.